காரைவலசின் தினவுக்கல்

அன்றைக்குக் குட்டைக்கரையில் இருந்தவர்கள் ஏழு பேர், மாடு இரண்டு. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அர்த்தனாரி ஒன்று, அவன் கையில் கயிறு இருக்கிறதா பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் வந்த அவன் மனைவி பாவாயி இரண்டு, மாரியம்மன் கோவில் பூசாரி செல்லப்பன் மூன்று, ஊர்த்தலைவர் வெள்ளியங்கிரி நான்கு, டீக்கடை ராயப்பன் ஐந்து, ராயப்பனுடைய மாமியார் ஆறு, நான் ஏழு. ராயப்பனுடைய மாமியார் மறுநாளே அவருடைய ஊருக்குப் போய்விட்டார், இனி இதில் வரமாட்டார், ஆனாலும் இருந்தவரை இல்லை என்று எழுத என்னால் ஆகாது. மாடு இரண்டில் ஒன்று அர்த்தனாரியின் மயிலைப் பசு. மற்றது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் மாட்டுத் தரகன், பெயர் நாச்சிமுத்து, ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நாற்பத்தாறு வருஷம் சந்தையில் துண்டைப் போர்த்தி அதற்குள் விரல் பிடித்தே விலை பேசிவிட்டதால் வாயால் பேசுவது எனக்கு வராமலே போயிற்று. நாலு பேர் முகத்தைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணுவது மட்டும் வரும்.

எங்கள் ஊர் காரைவலசு, தொண்ணூற்று நாலு வீடு. குட்டைக்கரையில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. முதுகு அரித்தால் சொறிந்துகொள்ள மாட்டுக்குக் கை இல்லையே என்று எந்தக் காலத்திலோ யாரோ புண்ணியத்துக்கு நட்டுவிட்டுப் போன கல். மேய்ந்து திரும்புகிற மாடெல்லாம் அதில் விலாவைக் கொடுத்துத் தேய்த்து, கண்ணைப் பாதி மூடி, பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மாடு அடைக்கிற தொண்டுப்பட்டிக்குப் போகும். தினவுக்கல் என்று அதற்குப் பெயர்.

தினவு என்ற சொல்லை எங்கள் ஊரில் எப்படிப் புழங்குவார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குச் சொன்னால் தோல் அரிப்பு, அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மனிதனுக்குச் சொன்னால் வேறு. தன் வீட்டில் சோறு இருக்க அடுத்த வீட்டுக் குழம்புக்கு மூக்கை நீட்டுகிறவனுக்கும், மனைவி இருக்கப் பக்கத்து ஊருக்குச் சைக்கிள் மிதிக்கிறவனுக்கும், வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பை நகர்த்துகிறவனுக்கும், பங்காளி வீட்டில் இழவு விழாதா என்று காதைத் தீட்டி வைத்திருக்கிறவனுக்கும் அந்தச் சொல். உள்ளே கீழான ஆசை ஒன்று அரிக்க, அதைச் சொறிந்து சொறிந்து சுகம் காண்கிறவன் என்று அர்த்தம். பசிக்கு அந்தச் சொல் கிடையாது, பாசத்துக்குக் கிடையாது, உழைத்துச் சேர்க்க நினைக்கிற ஆசைக்கும் கிடையாது. ‘தினவெடுத்துத் திரியறான்’ என்று சொன்னால் சொன்னவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷமும் தெரியும்.

அன்றைக்கு மாலை நாலரை மணி. அர்த்தனாரி குடிக்காமல் அது இரண்டாவது நாள். பன்னிரண்டு வருஷமாகக் குடித்தவன். ஆஸ்பத்திரியில் ஈரலைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், இனி ஒரு வாய் உள்ளே போனால் இங்கே கூட்டி வரவேண்டாம், நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டு போய்விடுங்கள் என்று பாவாயியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளாகக் கை நடுங்கி, கால் நடுங்கி, கயிற்றைப் பிடித்திருக்கிறானா கயிறு அவனைப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் வந்தவன், நிற்க முடியாமல் கல்லில் தோளைச் சாய்த்தான். தோள் மேலிருந்து கீழே ஒருமுறை சர்ரென்று உரசியது. கல்லிலிருந்து ஒரு சிட்டிகை தூள் உதிர்ந்தது. அவன் கண் பாதி மூடியது. மாடு விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?” என்றாள் பாவாயி.

“குடிச்சுட்டேன்.”

அவள் பாய்ந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீர் வாடைகூட இல்லை.

“எதைக் குடிச்சீங்க? எங்க வெச்சிருந்தீங்க?”

“ஒண்ணும் குடிக்கல. ஆனா குடிச்சுட்டேன். வவுறு நெறைஞ்சு, மண்டை நெறைஞ்சு, போதும்னு இருக்குது. பாவாயி, போதும்னு இருக்குது புள்ளே.”

பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து ‘போதும்’ என்ற சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல்தடவை. அவன் கையை நீட்டிக் காட்டினான். நடுக்கம் இல்லை.

அடுத்து பூசாரி உரசிப் பார்த்தார், பிறகு தலைவர், பிறகு ராயப்பன். யாரும் ஆச்சரியப்படவில்லை. “இத்தனை நாளு மாட்டுக்குச் செஞ்சுது, இப்ப மனுசனுக்கும் செய்யுது, அதுக்கென்ன” என்றார் தலைவர் வெள்ளியங்கிரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. எப்படி, ஏன், எந்தச் சாமி என்றெல்லாம் பேச்சு எழவில்லை. எந்த நேரத்துக்கு யார் வருவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

கல் செய்தது இவ்வளவுதான். மனசில் அன்றைக்கு அரித்துக்கொண்டிருக்கிற கீழான ஆசை எதுவோ, அது முழுசாக நடந்து முடிந்த நிறைவு ஒரே உரசலில் வந்துவிடும். வெளியே ஒன்றும் நடந்திருக்காது. மறுநாள் அதே நேரம்வரை அது அடங்கியிருக்கும். ஒரு ஆசைக்கு ஒரு உரசல். மழை வேண்டி உரசியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, மகளுக்கு வரன் வேண்டி உரசியவருக்குத் தோள்தான் சிராய்த்தது. அதனால் ஒரு சங்கடமும் வந்தது. கோவிலுக்குத் தன் காலத்தில் கும்பாபிஷேகம் நடக்கவேண்டும் என்று இருபது வருஷமாக வேண்டிக்கொண்டிருந்த பூசாரி அதை நினைத்து உரசினார், உடனே கும்பாபிஷேகம் முடிந்த நிறைவு மனசு முழுக்க வந்தது. வந்த பிறகுதான் அது எந்த வகை ஆசை என்று அவருக்குத் தெரிந்தது. 

பொங்கலுக்கு முன்பே ஒழுங்குமுறை வந்துவிட்டது. காலை ஏழுவரை மாடு, பத்திலிருந்து பன்னிரண்டு பெண்கள், நாலிலிருந்து ஆறு ஆண்கள். ஒருவருக்கு எத்தனை உரசல் என்று கேட்டால், எத்தனை ஆசை என்று கேட்பதாகிவிடுகிறது. அதை வாயால் எப்படிச் சொல்வது? தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். “நம்ம தரகரய்யா இருக்கறாரல்ல. துண்டைப் போட்டு விரலைப் புடிச்சுச் சொல்லிப்போட்டுப் போவோம். துண்டுக்குள்ள பேசுனது வெளிய வராது.” அப்படி நான் அங்கே உட்காரும்படி ஆயிற்று. கல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். ஆண்கள் வந்து என் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடிப்பார்கள், ஒரு விரல், இரண்டு விரல், சிலர் நாலு. பிறகு என் முதுகுக்குப் பின்னால் சர்ர், சர்ர் என்று கேட்கும். விரலுக்கும் சத்தத்துக்கும் கணக்கு ஒத்துப்போகும். பூசாரி மூன்று விரல் பிடிப்பார். எந்த மூன்று என்று நான் கேட்டதில்லை. பெண்கள் ஆண் விரலைத் தொடமாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு முறம்; முறத்தின்மேல் ஒரு துணி, உரசல் ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டையைத் துணிக்கடியில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. கொட்டையை மட்டும் எண்ணுவேன்.

தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பெண் ஒரு தாளோடு வந்தாள். இந்தக் கல்லின் பயன் என்ன என்று கேட்டாள். தலைவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் ராயப்பன், “தினவுக்குங்க அம்மிணி” என்றான். அவள் அதற்கு அர்த்தம் கேட்டாள். எட்டுப் பேர் நின்றோம், எட்டுப் பேரும், “மாட்டுக்கு வர்ற அரிப்புங்க” என்று சொல்லி வைத்தாற்போலச் சொன்னோம். அவள் தோல்வியாதி என்று எழுதிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் தொண்ணூற்று நாலு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு பெட்டி களிம்பு வந்தது. அதைக் கதவுக் கீலுக்குப் போட்டோம்.

ஊர் அடங்கியது. வரப்புகள் இருந்த இடத்தில் இருந்தன. பக்கத்து ஊருக்குச் சைக்கிள் போகவில்லை. மதுக்கடைக்காரர் வந்து குட்டைக்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். சண்டை இல்லை, புறணி இல்லை, அதனால் பேச்சும் இல்லை. டீக்கடையில் ஆளுக்கொரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள், விடிய விடியக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்போல. ராயப்பன் என்னிடம், “எல்லாருக்கும் எல்லாம் கெடைச்சுப் போச்சுங்கய்யா, இனி என்னத்தைப் பேசறது” என்றான். மனித வேர்வை ஏறி மழமழவென்று ஆன கல்லை மாடுகள் ஒரு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து வேலிக் கருவேல மரத்துக்குப் போய்விட்டன. காலை ஏழுவரையுள்ள நேரத்தையும் ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நான் மட்டும் தினமும் சாயந்திரம் எல்லாரும் போனபிறகு கல்லைக் கயிற்றால் சுற்றி அளந்தேன். முதல்நாள் சுற்றளவு நாலு சாண். நூறு உரசலுக்குக் கயிற்றில் ஒரு நெல் நீளம் குறைந்தது. மணிக்கட்டுக் கனத்துக்குக் கீழே போனால் கல் ஆள் தோளைத் தாங்காமல் ஒடிந்துவிடும்; அதுவரைக்கும் எண்பத்தேழு நெல் இருந்தது. ஊருக்கு நாளொன்றுக்கு அறுபது உரசல். நூற்றைந்தாவது நாள், சித்திரை முதல் வாரத்தில், இருபத்துநாலு நெல் மிச்சம். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்கிறவனும் இல்லை.

கேட்டவள் பாவாயி. பன்னிரண்டு மணிக்குப் பெண்களெல்லாம் போனபிறகு வந்து என் எதிரே குந்தினாள். அர்த்தனாரி அந்த நூற்றைந்து நாளும் ஒரு சொட்டு தொடவில்லை. சதை போட்டிருந்தான், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்தான், அவள் தலையில் பழைய காயத்தழும்பு மறைகிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது.

“தரகரய்யா, கல்லு எளைச்சுப் போச்சுங்க. இன்னும் எத்தனை இருக்குது?”

நான் முறத்துக் கொட்டையை மறுபடி எண்ணினேன்.

“எனக்குத் தெரியோணுமுங்க. அவரு உசுரு அதுல நிக்குது.”

“துண்டுக்குள்ள பேசுனது,” என்று ஆரம்பித்தேன், மேலே வரவில்லை.

அவள் ஒருகணம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துண்டைத் தூக்கி, உள்ளே கைவிட்டாள். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு பெண்ணின் கை அந்தத் துண்டுக்குள் வந்ததில்லை. சாணியும் சாம்பலும் தேய்ந்த, கணுவெல்லாம் புடைத்த கை.  கண்ணை மூடிக்கொண்டு அவள் இரண்டு விரலைப் பிடித்து ‘ஆயிரம்’ என்று அழுத்தினேன், நாலு விரலைப் பிடித்து ‘நூறு’ என்று தட்டினேன்.

“ரெண்டாயிரத்து நானூறு,” என்றாள். “ஊரே வந்தா?”

நாலு விரலைப் பிடித்துப் ‘பத்து’ என்று காட்டினேன். நாற்பது நாள்.

“அவரு ஒருத்தரு மட்டும் வந்தா?”

இதைத் துண்டுக்குள் சொல்ல எனக்குச் சைகை போதவில்லை. “ஆறு வருசம் ஏழு மாசம்,” என்றேன், வாயால்.

அன்றைக்கே, நாலு மணிக்கு முன்பு, மாரியம்மன் கோவில் மைதானத்தில் ஊர் கூடியது. பாவாயி எழுந்து நின்று கேட்டாள். நீட்டி முழக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இது மருந்து, உங்களுக்கெல்லாம் இது என்னவென்று உங்களுக்குத் தெரியும், தீரப்போகிறது, அவருக்கு விட்டுக்கொடுங்கள் என்றாள்.

 பிறகு தலைவர், “அட, இதுக்கென்ன அம்மிணி கூட்டம் போட்டுட்டு! எனக்கென்ன தினவா? சும்மா, நாலு பேரு போறாங்கன்னு நானும் போயிட்டு வந்தேன்” என்றார்.

“எனக்கும் அப்படித்தான், தோள்வலிக்குத்தான் போனது,” என்றார் பூசாரி.

“நான் கணக்குக்குக்கூடப் போனதில்லைங்க,” என்றான் ராயப்பன், நூற்றிரண்டு நாள் வந்தவன்.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் தனக்கு வேண்டியதில்லை என்றார்கள். தனக்கு வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பேச்சுவார்த்தை நடந்திருக்கும், முறை வைத்திருப்பார்கள், பாதிக்குப் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஒருவரும் இல்லாததால் ஒரே மனதாகத் தீர்மானம் ஆனது: கல் அர்த்தனாரிக்கு மட்டும். பாவாயி தரையில் விழுந்து கும்பிட்டாள். கைதட்டினார்கள். தரகரய்யா வழக்கம்போல உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

முதல் மூன்று நாள் அர்த்தனாரி மட்டும் வந்தான். நாலாம் நாள் மதியம், வெயிலில் காக்கைகூட இல்லாத நேரம், பூசாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு துண்டுக்குள் அவர் கை வந்தது. “இன்னிக்கு மட்டும்,” என்றார். “ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு எடுத்தா என்ன கொறைஞ்சு போகும்?” அவர் போன அரை மணியில் தலைவர் வந்தார். “இன்னிக்கு மட்டும் தரகரே.” மறுநாள் முறத்தில் துணிக்கடியில் மூன்று புளியங்கொட்டை கிடந்தது. அதற்கு மறுநாள் பதினொன்று. ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும்தான் வருகிறோம் என்று நினைத்தார்கள், அதனால் ஒவ்வொருவருக்கும் பாவம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. எல்லாருடைய கணக்கும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். துண்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நாற்பத்தாறு வருஷம் வந்த கையைத் தட்டியதில்லை என்பது எனக்கு ஒரு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை எந்தக் கல்லில் உரசுவது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முப்பதாவது நாள் மதியம் பாவாயி வந்தாள். முறத்துத் துணியை என் எதிரிலேயே தூக்கி, ஒரு புளியங்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

“இது என்றதுங்க, நான் போட்டது.”

“நீயா?”

“மொதல்நாள்ல இருந்து. தெனமும் ஒண்ணு. கூட்டம் போட்டுக் கேட்டேனே, அதுக்கு அஞ்சாம் நாள்ல இருந்து மறுபடியும்.”

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“அவரு சாவோணும்னு உரசறேனுங்க. தெனம் ஒரு தடவை அவரு செத்து, எடுத்துப் போட்டுட்டு வந்து தலை முழுகுன மாதிரி நெறைவு வருது. அதுக்கப்புறந்தான் போயி அவருக்குச் சோறு போட முடியுது. குடிச்சப்ப எனக்கு இப்படி இல்லைங்க, அப்ப பொழைக்க வெக்கிறதுக்கே பொழுது பத்தாது. நல்லாயிட்ட பொறகுதான் பன்னண்டு வருசமும் மொத்தமா வருது. அவரு தின்னுபோட்டு, ‘கொழம்பு நல்லாருக்குது’ங்கறாரு. அப்ப எனக்கு நெஞ்செல்லாம் அரிக்குது.”

கொட்டையை முறத்தில் போட்டாள். பிறகு, “எத்தனை மிச்சம்?” என்றாள். சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, இந்தத் துண்டை இனிமேல் போர்த்த முடியாது என்று தெரிந்தது.

அன்று சாயந்திரமே மைதானத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமைப் பூசை, ஊர் இருந்தது. நாலு பேர் இல்லை, முந்நூறு பேர். நாக்கு ஒட்டிக்கொண்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“ரெண்டாயிரத்து நானூறு இருந்துது. முப்பது நாளு. அர்த்தனாரி ஒருத்தன் வந்திருந்தா முப்பது போயிருக்கோணும். போனது ஆயிரத்து இரநூத்தி இருவது. மிச்சம் ஆயிரத்து நூத்தி எம்பது.”

யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முகமாகக் கணக்குப் போட்டது. தன்னுடையதைக் கழித்துப் பார்த்தது. மிச்சம் அடுத்தவர்கள் என்று கண்டது. தலை நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தது. நாலு மாதமாகப் பேச்சு இல்லாத ஊரில் ஒரே நேரத்தில் பேச்சு வந்தது.

“அம்மனுக்குக் கற்பூரம் காட்டுன கையோட நீதானய்யா மொதல்ல போயிருப்பே!”

“நீ போகலியா? உன்ற தோள்பட்டையைக் காட்டு!”

“தரகனைக் கேளுங்கடா! அவன்தான் துண்டை விரிச்சு வெச்சு ஊரைக் கெடுத்தது. மாட்டுக்குப் பாத்த வேலையை மனுசனுக்குப் பாத்திருக்கான்.”

இது பொய் இல்லை. நான் மறுக்கவில்லை.

சண்டை கைகலப்புக்குப் போகிற நேரத்தில் தலைவர் கையைத் தூக்கினார். “நிறுத்துங்கப்பா. யாரு அதிகம் யாரு கம்மிங்கற பேச்சே வேண்டாம். கெடா வெட்டுனா என்ன பண்றோம்? வீட்டுக்கு ஒரு கூறு. பெரிய வீடு சின்ன வீடு பாக்கறதில்லை. கல்லையும் கூறு போட்டுருவோம். அவியவியளுக்கு வேணுங்கறப்ப அவியவிய வீட்டுல உரசிக்கட்டும்.”

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் ஊரில் கூறு போட்ட பிறகு சண்டை வந்ததில்லை. சம்மட்டி, கடப்பாரை, கறி நிறுக்கிற தராசு எல்லாம் வந்தது. “ஐயோ, வேண்டாமுங்க, நிக்கட்டுமுங்க” என்று பாவாயி குறுக்கே போனாள். “உனக்கும் ஒரு கூறு உண்டு அம்மிணி” என்று மரியாதையாகவே ஓரமாகத் தள்ளினார்கள். தரைமட்டத்தோடு உடைத்து, துண்டாக்கி, நிறுத்து, தொண்ணூற்று நாலு வாழை இலையில் தொண்ணூற்று நாலு கூறு வைத்தார்கள். குறைந்த கூற்றில் ஒரு சில்லு சேர்த்தார்கள், அதிகத்தில் ஒரு சில்லு எடுத்தார்கள். அவ்வளவு நேர்மையான பங்கை நான் பார்த்ததில்லை.

எதுவும் வேலை செய்யவில்லை. கையில் பிடித்துத் தோளில் தேய்த்தால் தோள் தேய்ந்தது. சுவரில் பதித்துத் தேய்த்தால் சுவர் உதிர்ந்தது. உரசுவதற்கு எதிரே ஒன்று நகராமல் நிற்கவேண்டும், நம் கையோடு வருகிறது எதுவும் அதற்கு ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது நாளில் ஊர் பழையபடி ஆனது. மூன்று வரப்பு நகர்ந்தது, சைக்கிள்கள் போயின, மதுக்கடைக்காரர் கூடுதலாக ஒரு பல்பு போட்டார், டீக்கடையில் இடம் இல்லை. ராயப்பன் தன் பங்குக் கல்லை வடைத்தட்டுக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்தான். பூசாரி தன்னுடையதை என்ன செய்தார் என்று தெரியாது.

அர்த்தனாரியால் ஒன்பது நாள் குடிக்காமல் தாங்க முடியாது என்பதால், உடைத்த மறுநாள் மதியமே பாவாயி மண்வெட்டியோடு குட்டைக்கரைக்குப் போனாள். நானும் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனேன். நட்ட கல்லுக்கு மண்ணுக்குள்ளே மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கறியைக் கூறு போடுகிற அவசரத்தில் அது யாருக்கும் நினைவில்லை. சுற்றிலும் குழி வெட்டினோம். ஒன்றரை முழம் கல், அடியில் சிறுத்து, ஈரமாக, நின்றது. அர்த்தனாரியைக் கைத்தாங்கலாகக் குழிக்குள் இறக்கினோம். உட்கார்ந்துதான் தோள் கொடுக்க முடிந்தது. சர்ரென்று சத்தம் கேட்டது. பெருமூச்சு கேட்டது.

பிறகு அவள் இறங்கினாள்.

“நீ எதுக்கு?” என்றான் அர்த்தனாரி.

அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் மண்ணைக் கையில் அள்ளிக் கொஞ்சநேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

“தெரியும்,” என்றான். “சோத்து வட்டலை வெக்கிற சத்தத்துலயே தெரியும்.” பிறகு, “எப்படிச் சாவேன்?”

“ஒவ்வொரு நாளு ஒவ்வொரு மாதிரி.”

“கடைசியா?”

“கெணத்துல.”

“எனக்கு நீச்சல் தெரியும் புள்ளே.”

“அதெல்லாம் நான் பாக்கலீங்க. நீங்க முழுகிட்டீங்க.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் சர்ரென்று கேட்டது.

நான் கயிற்றால் மூன்றுதடவை அளந்தேன். அந்த இரண்டு உரசல் போக மிச்சம் இருநூற்றுப் பதினேழு. மறுநாளிலிருந்து நாளுக்கு இரண்டு. மேலே ஓலை போட்டு, அதன்மேல் கள்ளியை வெட்டிப் போட்டு மூடினோம். மூன்று பேருக்குத்தான் தெரியும். தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவன் இறங்குவான், அவள் இறங்குவாள், கை கொடுத்து ஏற்றுவேன். மழை பெய்த நாளில் குழித்தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு இறங்கினார்கள். நான் துண்டு எடுத்துப் போகவில்லை. இப்படி நூற்றெட்டு நாள்.

நூற்றொன்பதாவது நாள் கல் என் மணிக்கட்டைவிட ஒரு மயிரளவுதான் கனமாக இருந்தது. அவர்களிடம் சொன்னேன். அர்த்தனாரிக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க உரசுங்க,” என்றாள் பாவாயி.

“நான் உரசிட்டா ஒனக்கு? நீ ராத்திரி என்னைக் கொன்னு போட்டேன்னா?”

“நான் உரசிட்டா நீங்களே செத்துப் போவீங்களே. உரசுங்க பேசாம.”

“இன்னிக்கு உரசிட்டா நாளைக்கு என்ன பண்றது?”

“நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“அப்ப நாளைக்கே உரசிக்கறேன். நாளைக்குத்தான் அதிகமா இருக்கும்.”

“நாளைக்குன்னா எனக்குத்தான் அதிகமா இருக்கும்!”

அன்றைக்கு இருட்டும்வரை இதே சண்டை. அவன் குழிக்குள் உட்கார்ந்து, கல்லுக்கு ஒரு விரல்கடை தள்ளித் தோளை வைத்துக்கொண்டு, துண்டைக் கடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கினான். அவள் கரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், உரசுங்க உரசுங்க என்று வைதுகொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு பேருக்கும் அலுத்துப்போய், சோறு ஆறிப்போகும் என்று எழுந்து போனார்கள்.

மறுநாளும் வந்தார்கள், அதே சண்டை, அதே அலுப்பு. அதற்கு மறுநாளும். ஒருநாள் அவன் தோள் கல்லில் படவே பட்டது, அழுத்தவில்லை. ஒருநாள் அவள் ஒரு கல்லைத் தூக்கி அவனை நோக்கி வீசி, அது பக்கத்தில் விழுந்தது. ஒருநாள் அவன், தரகரய்யாவுக்கு வேண்டுமானால் உரசிக்கட்டும் என்றான். நான் வேண்டாம் என்றேன். எனக்கு இல்லாமல் இல்லை. இன்றைக்கும் ஐந்து மணிக்கு வந்தார்கள், திட்டிக்கொண்டார்கள், இருட்டியதும் அவன் முன்னாலும் அவள் பின்னாலுமாக வீட்டுக்குப் போனார்கள். நான் ஓலையை இழுத்து மூடிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நூற்றெட்டு நாளுக்குப் பிறகு இன்றோடு நாற்பத்தொரு நாள். மிச்சம் ஒன்று.